நீ பூச்சியமாக்கிய எழுத்துகள்

மகன், உம்மாவின் ஸலாம். இதை வாட்ஸப்பில் அனுப்பினால் இரண்டாவது வரியிலேயே பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, நாலு பேர் படிக்கும் சஞ்சிகைக்குக் கொடுக்கிறேன். ஊரே படித்த பிறகு "நான் இன்னும் படிக்கல்ல உம்மா" என்று நீ சொல்ல முடியாது. யாருடைய பேரையும் போடவில்லை, பயப்படாதே. எங்கள் எத்தாளைப் பக்கத்து ஆட்களுக்கு இது யார் வீட்டுக் கதை என்று தெரியும்தான். அவர்களுக்கு நான் எழுதாவிட்டாலும் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு நிக்காஹ். அன்றைக்கே நீ மாப்பிள்ளையாக மதுரங்குளிக்குப் போய்விடுவாய். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள், பையன்தான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஆகவே வழமைப்படி அழ வேண்டியவள் நான். உன் சாச்சிமார் இரண்டு பேரும் எனக்கு முந்தியே அழத் தொடங்கிவிட்டார்கள். எனக்கோ அழுகையே வரமாட்டேன் என்கிறது. இந்தக் கொஞ்ச நாளாக எனக்கு இருக்கிற நிம்மதி, நீ பிறந்து முதல் தரம் சத்தம் போட்டபோது வந்த நிம்மதிக்கு அடுத்தபடி. அது ஏன் என்று உனக்குப் பாதி தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் இந்த வருடம் நம் கிணற்றைக் கெடுக்கப் பார்த்தது.

முதலில் கிணற்றைப் பற்றி, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கடலோடு சேர்ந்த உப்பேரியான களப்புமாக, நடுவில் நீண்டு கிடக்கும் மணல் துண்டு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் பாலாடை மாதிரிக் கிடக்கிறது. அந்த ஆடையைத்தான் நாங்கள் குடிக்கிறோம். வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் விளைவதும் அதில்தான். கிணற்றுத் தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும்வரை பயமில்லை. கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் இறைத்தால் அடியில் கிடக்கும் உப்பு மேலே ஏறும். ஏறிய உப்பு மழை பெய்து இறங்கினால் நம்முடைய அதிர்ஷ்டம். இறங்காமலே போன கிணறுகளும் இந்தக் கரையில் இருக்கின்றன. உன் வாப்பா யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து உடுத்த சாரனோடு வந்து, மற்றவர்களின் தோட்டத்தில் கொத்திக் கொத்தி, கடைசியில் சொந்தமாக வாங்கிய நிலத்தில் இருக்கிற ஒரே கிணறு இது. தோட்டத்துக்கும் அதுதான், சமையலுக்கும் அதுதான்.

நீ இப்போது வேலை செய்யும் கம்பனி அன்று நான் வேலை செய்த கம்பனி. இங்கே விளையும் பிஞ்சு வெள்ளரியையும் மிளகாயையும் வாங்கிப் போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். தங்களுக்கு மரக்கறி தருகிற ஒவ்வொருவருடைய கிணற்றையும் மாதாமாதம் அளந்து, யார் எவ்வளவு நேரம் இறைக்கலாம் என்று பட்டியல் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். கள உத்தியோகத்தர் கிணற்று வாயிலிருந்து தண்ணீர் வரைக்கும் நாடாவை இறக்கி அளந்து வருவார். அது கடல் மட்டத்துக்கு மேலா கீழா என்று கணக்குப் போடுவது புரோகிராமின் வேலை. அந்தப் புரோகிராமைக் கோபோல் என்கிற கம்பியூட்டர் பாஷையில் எழுதியது நான். "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்தப் படிப்பு?" என்று கேட்ட பெரிய மனிதர்களுக்கெல்லாம் அவரவர் கிணற்று மட்டத்தை அச்சடித்துக் கொடுத்தேன். பிறகு அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. உம்மா பெருமையடிக்கிறாள் என்று சிரிக்காதே. பெருமைதான்.

அந்தக் காலத்து யந்திரத்தில் இடத்துக்குப் பெரிய பஞ்சம். ஒரு எண்ணுக்கு நாலு இடம் என்று ஒதுக்கினால் நாலுதான். கழித்தல் குறிக்கென்று ஐந்தாவது இடம் கொடுக்க ஒருவருக்கும் மனம் வராது. அதனால் கழித்தல் குறி கடைசி இலக்கத்தின் முதுகில் ஏறிக்கொள்ளும். ஏறியதும் அந்த இலக்கம் கோப்பில் இங்கிலீஷ் எழுத்தாக நிற்கும். ஒன்று ஜே ஆகிவிடும், இரண்டு கே, இப்படியே போய் ஒன்பது ஆர் ஆகும். தண்ணீர் கடல் மட்டத்துக்குப் பதினாலு சென்ரிமீற்றர் மேலே நின்றால் கோப்பில் பூச்சியம், பூச்சியம், ஒன்று, நாலு. பதினாலு கீழே நின்றால் பூச்சியம், பூச்சியம், ஒன்று, எம். புதிதாகப் பார்ப்பவருக்கு அது கைதவறி அடித்த எழுத்து மாதிரித்தான் தெரியும். கோபோல் அதைச் சரியாக வாசித்துக்கொள்ளும்.

இந்த வருடம் மதுரங்குளிக் கிளையில் இருந்த அந்தப் பழைய யந்திரத்தை மூடிவிட்டு, எல்லாவற்றையும் கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பை உன்னிடம் கொடுத்தார்கள். அங்கே எல்லாம் ஆர்பிஜி என்கிற இன்னொரு பாஷையில் ஓடுகிறது. அதற்கும் ஏறக்குறையக் கோபோலின் வயதுதான். ஒரு கிழவர் மற்றக் கிழவருக்குத் தோட்டத்தைக் கைமாற்றுகிற மாதிரி ஒரு வேலை. நீ ஒவ்வொரு எண்ணாக எடுத்து, இதற்கு எத்தனை இலக்கம், புள்ளி எங்கே வர வேண்டும் என்று பொறுமையாகத்தான் பார்த்திருக்கிறாய். நடுவில் கோப்பைத் திரையில் திறந்தபோது, இலக்கம் நிற்க வேண்டிய இடத்தில் ஜேயும் எம்மும் கியூவும் நிற்பதைக் கண்டாய். புரோகிராமின் தலையில் என் பேரின் முதல் எழுத்துகள். உடனே நீ என்ன நினைத்தாய்? உம்மாவின் விரல்!

என் விரலுக்கு அந்தப் பேர் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். போனில் நான் அனுப்புகிற எந்தச் செய்தியிலும் இரண்டு எழுத்தாவது வழிதவறி வந்து நிற்கும். உன் தங்கச்சி லீவில் வந்தால் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி வீட்டையே சிரிக்க வைப்பாள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்புத்தான் உன் மனதில் இருந்திருக்கிறது. உம்மா வருஷக்கணக்காகப் பிழை பிழையாக அடித்து வைத்திருக்கிறாள், வெளியில் தெரிந்தால் உம்மாவுக்கு மானக்கேடு என்று எண்ணி, ஒருவருக்கும் மூச்சுவிடாமல் எல்லா எழுத்தையும் பூச்சியமாக்கினாய். எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருந்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் விஷயம் முடிந்திருக்கும். எடுக்கவில்லை. எடுத்தால் எனக்கு வெட்கமாகப் போய்விடுமாம். அந்த ஒரு பூச்சியத்தால் பதினாலு கீழே இருந்த நம் கிணறு பட்டியலில் பத்து மேலே போய்விட்டது.

அந்த மாதப் பட்டியல் புதிய முறையில் வந்தது. கொண்டுவந்த கள உத்தியோகத்தரை உனக்குத் தெரியும், சிலாபத்துச் சிங்களப் பையன், நம்மைவிட நன்றாகத் தமிழ் கதைப்பான். "நானா, இந்த முற நல்லம். பத்து மேல இரிக்கி. நாலு மணித்தியாலம் எறைக்கலாம்" என்றான். உன் வாப்பா காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மகன் செஞ்ச லிஸ்டா?" என்று கேட்டார். "ஓம் நானா, ஒங்கட மகன்ட சிஸ்டத்துல வந்ததுதான்." அவருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. காகிதத்தை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தார். அன்று பின்னேரமே மோட்டார் ஓடியது. நடக்கும்போது தோளைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு நடந்தார், நான் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் தண்ணீர் உப்புத் தட்டிச் சவர்க்கத் தொடங்கியது. உன் வாப்பா அதை முதல் வாயிலேயே கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் சொன்னால் மகன் செய்தது பிழை என்றாகிவிடும், கல்யாணம் நெருங்கும் நேரத்தில் பெண் வீட்டார் காதுக்கும் போகும் என்று வாயை மூடிக்கொண்டு குடித்தார். எனக்கும் தேத்தண்ணி ஒரு மாதிரியாக இருந்தது. வயது போகிறது, நாக்குச் செத்துவிட்டது என்று எண்ணி, சீனியைக் கூட்டிப் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை, கேட்டால் என் உடம்பை நினைத்து அவர் கவலைப்படுவார். இப்படியே இரண்டு பேரும் எதிரெதிர்க் கதிரையில் இருந்துகொண்டு, சவர்த் தண்ணீரில் ஊற்றிய பிளேன்டீயை நல்லாயிருக்கிறது என்ற முகத்தோடு குடித்தோம். இப்போது நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. அந்த நேரத்தில் வெளியே மிளகாய்க் கன்றுகளின் இலை நுனி கருகத் தொடங்கியிருந்தது.

இலையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. பட்டியலை எடுத்து விரித்தேன். களப்புக்குத் தள்ளி உள்ளே இருக்கும் கிணறுகளுக்குப் பதினேழு, இருபத்துமூன்று என்று எண்கள் இயல்பாக இருந்தன. கரையோரக் கிணறுகள் மட்டும் பத்து, இருபது, பத்து, முப்பது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. தண்ணீருக்கு அப்படி நிற்கத் தெரியாது. எழுத்து இருந்த இடமெல்லாம் பூச்சியம் இருக்கிறது என்று விளங்கியதும் காகிதத்தோடு உன் வாப்பாவிடம் போனேன்.

"இஞ்சாருங்க, தண்ணி சவர்க்குதா?" என்று கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். "கொஞ்சம்."

"எப்ப இருந்து?"

"மோட்டர் போட்டு ரெண்டு மூணு நாள்லயே."

"அல்லாஹ்வே! ஏன் சொல்லல்ல?"

"மகன்ட லிஸ்ட் எல்லோ அது" என்றார். நானே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். பிறகு உனக்கு எடுத்தேன். நீ அப்போது கொழும்பிலேயே தங்கியிருந்தாய், அந்த நேரம் காரியாலயத்தில்.

"மகன், நீ என்ட பைல்ல இருந்த எழுத்தெல்லாம் எடுத்தியா?"

"உம்மா... அது உங்கட பிழையெண்டு நெனச்சன்."

"என்ட பிழையெண்டா என்னட்டயே சொல்றதுக்கென்ன?"

"உங்களுக்கு வெக்கமாப் போயிருமெண்டு..."

"அது கழித்தல் குறி, மகன்."

நீ மூச்சை இழுத்தது இங்கே கேட்டது. உனக்கு எதையும் இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "அப்ப, கரப்பக்கத்துக் கெணறு எல்லாம்..." என்றாய், முடிக்கவில்லை. நான் உன்னை ஏசினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதில் பாதி கோபம், பாதி பயம். ஏசி முடிந்த பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது: நீ கைவைக்காமல் அப்படியே ஏற்றியிருந்தாலே போதும், ஆர்பிஜி அந்த எழுத்தைத் தானாகவே கழித்தல் என்று எடுத்திருக்கும். இரண்டு கிழவர்களுக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்கு விளங்கும். நடுவில் நின்ற இளந்தாரிக்குத்தான் விளங்கவில்லை.

அன்று எனக்குக் கிணற்றைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்தது. இதை உனக்குச் சொல்லவே இந்தக் கடிதம். உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பழைய கோப்பே பிழையாக இருந்தது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொழும்பில் ஒருவரும் மறுத்துக் கேட்கப் போவதில்லை. எழுதியவள் பென்ஷன் எடுக்கும் கிழவி. யந்திரத்தையும் மூடியாயிற்று. நானே உனக்கு வழியும் காட்டினேன்: "என்ட பிழையெண்டே சொல்லிரு மகன், எனக்கு இனி என்ன வரப்போகுது?" நீ "சரி, பாப்பம் உம்மா" என்று வைத்துவிட்டாய். அந்தப் "பாப்பம்" என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அப்படிச் சொல் என்று உன்னைக் கேட்டவளும் நான், ஐயோ சொல்லிவிடுவானோ என்று பயந்தவளும் நான். பிள்ளையைப் பெற்றவளின் மனம் அப்படிக் கோணலாகத்தான் வேலை செய்யும். சோறு வைத்தேன், இறங்கவில்லை. தொழுகையில் நின்றேன், எத்தனையாவது ரக்அத் என்று மறந்துபோனது.

பின்னேரம் அந்தச் சிலாபத்துப் பையன் மோட்டார் சைக்கிளில் புழுதி பறக்க வந்து நின்றான். ஹெல்மட்டைக்கூடக் கழற்றவில்லை. "மிஸ், ஒங்கட மோட்டர நிப்பாட்டியாச்சா? கர பக்கம் எல்லாத்தையும் ஒடனே நிப்பாட்டச் சொல்லி கோல் வந்திச்சி" என்றான். நான் உன்னைப் பற்றிக் கேட்குமுன் அவனே சொன்னான்: "மகன் மீட்டிங்ல எழும்பிச் சொன்னாராம் மிஸ், 'உம்மாட பைல்ல ஒரு பிழையும் இல்ல, நான்தான் யாரயும் கேக்காம மாத்தினன்' எண்டு. பொஸ் நல்லா ஏசினாராம். அவர் ஏச்ச வாங்கிட்டு, முதல்ல ஆள அனுப்புங்க, பொறகு ஏசுங்க எண்டாராம்."

அவன் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மோட்டார் நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று நின்றது. குறிஞ்சிப்பிட்டிப் பக்கமாகத் தூரத்தில் ஒன்று மட்டும் டக்டக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது. அதுவும் நின்றதும், அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். குந்தியிருந்து அழுதேன். உன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த அழுகை முழுவதும் அங்கேயே தீர்ந்துபோனது, மகன். வெள்ளிக்கிழமை நான் சிரித்துக்கொண்டு நின்றால் சாச்சிமார் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். நீ விளங்கிக்கொள்.

இது உன்னிடம் மட்டும் இருக்கிற வியாதி என்று நினைக்காதே. உன் வாப்பா எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில், ஒரு நாள் நான் கத்தரிக்காய் ஆணத்துக்கு உப்புப் போடாமல் இறக்கி வைத்திருந்தேன். கடைசியில் கருவாடு போடுவதாக எண்ணம். மனிதர் திருட்டுத்தனமாக ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஐயோ பாவம், புதுப்பெண் உப்பை மறந்துவிட்டாள், சபையில் ஏச்சு விழப்போகிறது என்று ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரிப் போய்ப் பாயில் இருந்துகொண்டார். அதற்குமேல் என் கருவாடு. வந்திருந்த விருந்தாளி ஒருவர் முதல் பிடியிலேயே தண்ணீர் கேட்டார். என் கைதான் பிசகிவிட்டது என்று அன்று முழுவதும் குசினியை விட்டு நான் வெளியே வரவில்லை. உண்மையை அவர் சொன்னபோது நீ நடக்கத் தொடங்கியிருந்தாய். கையில் இருந்த அகப்பையால் இரண்டு போட்டேன். என்மேல் உள்ள இரக்கத்தில்தான் செய்தாராம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

நீ போகிற வீட்டிலும் பல காரியம் உன் கண்ணுக்குப் பிழையாகத் தெரியும். அலுமாரியை வேறு மாதிரி அடுக்கியிருப்பார்கள். பாண் துண்டுகளை வேறு மாதிரி வெட்டுவார்கள். மருமகள் தன் சம்பளத்தையும் நேரத்தையும் தனக்கென்று ஒரு விதமாகப் பிரித்து வைத்திருப்பாள். கைவைக்குமுன் "இது ஏன் இப்பிடி இரிக்கி?" என்று கேள். கேட்டதற்காக அவள் வெட்கப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவாள். அவளுக்குத் தெரியாமல் அவளைத் திருத்தி வைக்காதே. உன்னால் ஏதாவது கெட்டுப்போனால், அன்று கூட்டத்தில் சொன்ன மாதிரி அவளிடமும் சொல். மருமகள் போன கிழமை எனக்குக் கோல் எடுத்து, "மாமி, அவர் ஒரு விசயத்த மனசுக்குள்ள வெச்சிக்கிட்டா நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டாள். "அவன் பக்கத்துல குந்தி, விடாமக் கேளு மகள்" என்றேன். நீ தப்ப முடியாது. எனக்கும் இதில் பாடம் இருக்கிறது: என் பிழையென்று சொல்லச் சொல்லி உன்னைப் பொய்க்குத் தள்ளப் பார்த்தேன். நீ என் சொல்லைக் கேட்காமல் விட்டதற்கு அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும்.

பழைய கோப்பின் நகல் இருந்தபடியால், நீ எழுத்துகளை எழுத்துகளாகவே விட்டு மறுபடி ஏற்றினாய். புதிய பட்டியலில் நம் கிணற்றுக்கு நேரே "இறைக்க வேண்டாம்" என்று வந்தது. மிளகாயில் ஒரு பங்கு போய்விட்டது, போகட்டும். குடிக்கிற தண்ணீருக்குப் பள்ளிவாசல் குழாயில் போய் நின்றோம். பிறகு மழை பிடித்தது, நல்ல மழை, வாசல் மணலெல்லாம் குடித்தும் மிச்சம் நின்ற மழை. நேற்று அந்தப் பையன் வந்து நாடாவை இறக்கிப் பார்த்துவிட்டு, மட்டம் மேலே வந்துவிட்டது, இது உண்மையான மேலே என்று சிரித்தான்.

இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உன் வாப்பா வாளியை இறக்கி அள்ளி, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லாயிருக்கிறது என்ற அந்தப் பழைய முகத்தைக் காட்டிவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம். வாயைத் துடைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சவர் இரிக்கி" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன், மகன். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஓம், கொஞ்சம் இருந்தது.